வேன் ஏறும் தம்பிக்கு

தம்பி, வைகாசி பிறந்துவிட்டால் உன்னை ஊரில் பிடிக்க முடிவதில்லை. இன்றைக்கு ஆரணி, நாளைக்குத் திண்டிவனம், அடுத்த முகூர்த்தம் ஓசூர் என்று சாக்ஸபோன் பெட்டியோடு வேனில் ஏறிவிடுகிறாய். எனக்கு அதில் சந்தோஷம்தான். உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை ஒருவன் வாத்தியம் வாசித்தே தங்கச்சியைக் காலேஜில் சேர்த்தான் என்றால் அது சாமானியமான காரியமில்லை. உன்மேல் அக்கறை இருப்பதால்தான் கேட்கிறேன்: போன தையில் வாசித்ததற்கும் இந்த வைகாசியில் வாசிப்பதற்கும் நடுவே உன் வாசிப்பில் என்ன கூடியிருக்கிறது?

“தினமும் மூணு மணி நேரம், நாலு மணி நேரம் ஊதறேனே தாத்தா, அதுக்கு மேல என்ன சாதகம்?” என்று நீ ஒருமுறை சொன்னாய். வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்ததால் அப்போது பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். மண்டபத்தில் ஊதுவது சாதகம் ஆகாது.

அங்கே நீ வாசிப்பதெல்லாம் ஏற்கெனவே உனக்கு வந்தது. வராததை அங்கே வாசிக்கவும் கூடாது. அது இன்னொரு வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு பாட்டு, நலங்குக்கு ஒன்று, தாலி கட்டும்போது கெட்டிமேளம், ரிசப்ஷனில் டிராக் போட்டுச் சினிமாப் பாட்டு. சீசன் முழுக்க அதே வரிசைதான். பக்கத்தில் இரண்டு தவில் முழங்குகிறது, பந்தியில் இரைச்சல், மைக் செட்காரர் எவ்வளவு ஏற்றினாலும் போதவில்லை. நீ அழுத்தி ஊதுகிறாய். அழுத்தி ஊதி ஊதி, உதடு அந்த ஒரே பலத்துக்குப் பழகிப்போகிறது. மூன்று மாதம் கழித்து, மந்திர ஸ்தாயிப் பஞ்சமத்தைச் சன்னமாகப் பிடித்து நிறுத்து என்றால் ஸ்வரம் நடுங்குகிறது. எத்தனையோ நல்ல பிள்ளைகளிடம் இதைப் பார்த்திருக்கிறேன். விரல் வேகம் கூடியிருக்கும், நாதம் இளைத்திருக்கும். கையில் வேலை இல்லாதவனைவிட, ஓயாமல் வேலை இருப்பவனுக்குத்தான் சாதகம் அதிகம் வேண்டியிருக்கிறது.

நம் வாத்தியத்துக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். நாயனத்தில் துளையின்மேல் விரலே நேராக உட்காருகிறது. பாதி மூடலாம், உருட்டலாம், வழித்து இறக்கலாம். சாக்ஸபோனில் விரலுக்கும் துளைக்கும் நடுவே கம்பி இருக்கிறது, விசை இருக்கிறது, தோல் பேடு இருக்கிறது. அடால்ஃப் சாக்ஸ் என்ற பெல்ஜியத்துக்காரர் 1846இல் பாரிஸில் காப்புரிமை வாங்கிய கருவி இது. பட்டாள பேண்டில் புகுந்துதான் வளர்ந்தது. ஒவ்வொரு ஸ்வரமும் பளிச்சென்று தனியாக நிற்கும்படி செய்திருக்கிறார். தோடியின் காந்தாரம் அந்தப் பித்தளைக்குள் எங்கேயும் இல்லை. உதட்டாலும் தொண்டையாலும், விசையைப் பாதி தூக்குகிற விரலாலும் நாம்தான் அதைக் கொண்டுவர வேண்டும். சாதகத்தை விட்டால் பாட்டு மறக்காது, தாளம் தப்பாது. முதலில் கழன்று போவது கமகம்தான். பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது தெரியாமல் போகலாம். உனக்குத் தெரியும்.

கத்ரி கோபால்நாத்தை நினைத்துக்கொள். மங்களூர்ப் பக்கத்தில் ஒரு நாகஸ்வர வித்வானின் பிள்ளை. மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டார், அதன் பிறகு வேறு வாத்தியம் அவர் மனதுக்கு ஒப்பவில்லை. மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடம் படித்தார், சென்னைக்கு வந்து டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் பாடம் கேட்டார். கமகம் பேசுவதற்காக வாத்தியத்தின் விசைகளிலேயே மாற்றங்கள் செய்துகொண்டார். 1994இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பி.பி.சி. ப்ராம்ஸ் விழாவில் வாசித்தார். அந்த மேடைக்கு அழைக்கப்பட்ட முதல் கர்நாடக இசைக் கலைஞர் அவர். அதே வருஷம் ‘டூயட்’ படம் வந்தது. ரஹ்மான் இசையில் அவர் ஊதியதைக் கேட்டுவிட்டு, சாக்ஸபோன் வாங்கித் தரச்சொல்லி அடம்பிடித்த பிள்ளைகள் நம் பக்கத்திலும் உண்டு. 2004இல் பத்மஸ்ரீ. காஞ்சி காமகோடி பீடத்தின் ஆஸ்தான வித்வானாகவும் இருந்ததால் நமக்கு அவர் அயலூர்க்காரர் இல்லை. 2019இல் காலமானார்.

அவர் பெயரைச் சொல்வதற்குக் காரணம், வாழ்நாளில் பெரும்பகுதியை அவர் வண்டியிலும் ரயிலிலும் விமானத்திலுமே கழித்தார் என்பதுதான். நாம் போகும் தூரம் அவர் போன தூரத்தில் ஒரு மூலைகூட இல்லை. அப்படியும் அவருடைய கல்யாணியிலோ கரஹரப்ரியாவிலோ ஒரு நீண்ட கார்வையைக் கேட்டுப்பார். ஆரம்பித்த பருமனிலேயே முடிகிறது. அந்த நிதானத்துக்கு மேடையில் ஊதியது மட்டும் போதாது. யாரும் கேட்காத நேரத்தில் ஊதியிருக்க வேண்டும்.

ஊர் சுற்றும்போது எங்கே, எப்போது ஊதுவது என்பதுதான் உன் கேள்வி என்று எனக்குத் தெரியும். மண்டபத்தைக் கவனித்துப்பார். காலை முகூர்த்தம் முடிந்து சாப்பிட்டு எழுந்தால் இரண்டு மணி. மாலை வரவேற்பு ஆறு மணிக்கு. நடுவில் இருக்கிற நாலு மணி நேரம் யாருக்கும் சொந்தமில்லை. மணமேடையில் அலங்காரக்காரர்கள் பூவை மாற்றிக்கொண்டிருப்பார்கள், உறவுக்காரர்கள் மாடி அறைகளில் தூங்குவார்கள், நம் செட்டு ஆட்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்கள். மண்டபத்துப் பின்பக்கம் பாட்டில் திறப்பதும் அந்த நேரத்தில்தான். தம்பி, இந்தத் தொழிலில் கெட்டுப்போன நல்ல வித்வான்களில் பலர் அந்த நாலு மணி நேரத்தில்தான் கெட்டார்கள். அதில் முதல் ஒரு மணி நேரம் தூங்கு. இரவெல்லாம் வேனில் வந்த உடம்பு. எழுந்து முகம் கழுவிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போ. மேஜைகளைத் துடைத்து, இலை எடுத்து, காலியாகக் கிடக்கும். சமையல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். அவர்கள் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை. உங்கள் செட்டில் உன்னோடு வாசிக்கும் பெண்ணையும் கூப்பிடு. விடியற்காலையில் ஏரிக்கரைக்கு நடந்துபோய்ச் சாதகம் செய்ய உனக்கு முடியும், அவளுக்கு எல்லா ஊரிலும் முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே ஸ்வரத்தைப் பிடித்தால், யாருடைய சுருதி நகர்கிறது என்பது அந்த நிமிஷமே தெரிந்துவிடும்.

முப்பது, நாற்பது நிமிஷம் போதும். ஊரில் இருக்கும்போது செய்கிற மூன்று மணி நேரச் சாதகத்தைப் பயணத்தில் செய்யப் பார்க்காதே. இரண்டு நாள் செய்வாய், மூன்றாம் நாள் உதடு வீங்கும், அப்புறம் பெட்டியைத் திறக்கவே மனசு வராது. கொஞ்ச நேரம், ஆனால் தினமும். முதலில் ஸட்ஜம். சன்னமாக ஆரம்பித்து, மெள்ளப் பெருக்கி, அதே மாதிரி மெள்ளச் சன்னமாக்கி நிறுத்து. மண்டபத்தில் உதடு மறந்துபோவது இந்தச் சன்னத்தைத்தான். மந்திர ஸ்தாயி வரைக்கும் ஒவ்வொரு ஸ்வரமாக இப்படிச் செய். அடுத்தது ஏதாவது ஒரு ராகத்தில் ஜண்டை வரிசை, மூன்று காலம். கடைசியாக, உனக்கு வராத ஒன்று. ஒரு சங்கதியோ, ஒரு தாட்டு ஸ்வரமோ, கல்யாணத்தில் நீ ஊதாமல் தாண்டிப்போன ஏதோ ஓரிடமோ, எது வேண்டுமானாலும் இருக்கட்டும். அன்றைக்கே வர வேண்டும் என்றில்லை. அது வராத இடம் என்பதை ஒத்துக்கொண்டு அங்கேயே பத்து நிமிஷம் நின்றால் போதும்.

சில நாள் கூடமும் கிடைக்காது, அறையும் கிடைக்காது. அப்போது மவுத்பீஸை மட்டும் எடு. வாத்தியம் பெட்டியிலேயே இருக்கட்டும். ரீடை நனைத்து மாட்டி, கீழுதட்டைக் கீழ்ப்பல்லின்மேல் லேசாக மடித்து, மேல்பல்லை மவுத்பீஸின்மேல் வைத்து ஊது. ஆல்ட்டோ மவுத்பீஸ் தனியாக 880 ஹெர்ட்ஸ் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது உலகமெங்கும் சாக்ஸபோன் வாத்தியார்கள் சொல்கிற கணக்கு. செல்போனில் ட்யூனரைத் திறந்து வைத்துக்கொள். அதற்கு மேலே போகிறது என்றால் நீ ரீடைக் கடிக்கிறாய். ஒரு வாரம் மண்டபத்தில் அழுத்தி ஊதியவனுக்கு மேலேதான் போகும். தாடையைத் தளர்த்திக் கீழே கொண்டுவா. நின்ற பிறகு, தாடையை அசைக்காமல் நாக்கின் பின்பகுதியை மட்டும் நகர்த்தி ஸ்வரத்தை இறக்கு. ‘ஈ’ சொல்லும் வாய் ‘ஓ’வுக்குப் போகிற அளவுதான் உள்ளே மாற்றம். ஸ்வரம் உடையாமல், குதிக்காமல் வழிந்து இறங்க வேண்டும். முதலில் அரை ஸ்வரம்தான் இறங்கும். பிறகு ஒரு முழு ஸ்வரம், இன்னும் பழகினால் காந்தாரத்திலிருந்து ஸட்ஜம் வரைக்கும். விரலே இல்லாமல் ஒரு காந்தாரத்தை அசைக்க முடிந்தவனுக்கு, விசைகளோடு அசைப்பது கைக்கு அடங்கிய வேலை. ஒன்று மட்டும் கவனம்: மவுத்பீஸ் சத்தம் கீச்சென்று காதைக் குடையும். லாட்ஜில் விடியற்காலை வேண்டாம். டீக்கடையில் வேன் நிற்கும்போது சாலையோரம் நாலு எட்டு நடந்துபோய் ஊது.

லாட்ஜில் ஊதுகிறவர்கள் மணிவாயில் துண்டைத் திணித்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் பிரயோஜனமில்லை. சாக்ஸபோனில் நாதம் கடைசி வாய் வழியாக மட்டும் வருவதில்லை. திறந்திருக்கிற துளைகள் வழியாகத்தான் பெரும்பாலும் வெளியே வருகிறது. துண்டு கீழ் ஸ்வரங்களைக் கெடுக்கும், மற்றதெல்லாம் அப்படியே பக்கத்து அறைக்குக் கேட்கும். வேறு வழியே இல்லையென்றால், கதவைச் சாத்தி, மெத்தையைச் சுவரில் சாய்த்து, அதன் பக்கம் திரும்பி உட்கார்ந்து ஊது. அப்போதும் பகலில்தான். அடுத்த அறையில் கைக்குழந்தையோடு யாராவது இருக்கலாம்.

அமெரிக்காவில் சோனி ராலின்ஸ் என்று ஒரு பெரிய சாக்ஸபோன் வித்வான். 1959இல், நல்ல பேரும் புகழும் இருந்தபோதே, தன் வாசிப்பு தனக்குத் திருப்தியாக இல்லை என்று கச்சேரிகளை நிறுத்திவிட்டார். நியூயார்க்கில் அவர் இருந்த குடியிருப்பில் பக்கத்து வீட்டுப் பெண் கர்ப்பமாக இருந்தாள். அவளுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று வாத்தியத்தை எடுத்துக்கொண்டு வில்லியம்ஸ்பர்க் பாலத்துக்கு நடந்துபோனார். கீழே ஆறு, பக்கத்தில் ரயில், குளிர்காலத்தில் எலும்பைத் துளைக்கும் காற்று. 1961 வரைக்கும் அங்கேதான் சாதகம். சில நாள் பதினைந்து, பதினாறு மணி நேரம்கூட ஊதியிருக்கிறார். திரும்பி வந்து 1962இல் வெளியிட்ட இசைத்தட்டுக்குப் ‘பாலம்’ என்றே பெயர் வைத்தார். சாதகம் எவ்வளவு பெரிது என்பதோடு, அடுத்த வீட்டுக்காரரின் தூக்கமும் பெரிது என்று தெரிந்த மனிதர். எனக்கு அவரை அதனால்தான் ரொம்பப் பிடிக்கும்.

அமெரிக்காவிலேயே சார்லி பார்க்கர் என்ற இன்னொரு சாக்ஸபோன் வித்வானின் கதை உன் வயசுக்கு இன்னும் நெருக்கம். 1937 கோடையில், பதினாறு பதினேழு வயசுப் பையன், ஓசார்க் மலைப்பக்கத்து ஓய்வுவிடுதி ஒன்றில் பேண்டோடு வாசிக்கப் போனான். இரவு வேலை, பகல் ஓய்வு, உன்னைப் போலத்தான். போகும்போது லெஸ்டர் யங் என்ற சாக்ஸபோன் வித்வான் வாசித்த இசைத்தட்டுகளை எடுத்துப்போனான். பகலெல்லாம் அதைக் கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு சொல்லாகத் தன் வாத்தியத்தில் எடுத்தான். சீசன் முடிந்து ஊர் திரும்பியவனின் வாசிப்பைக் கேட்டு, முன்னால் அவனை மதிக்காதவர்களெல்லாம் வாயடைத்து நின்றார்கள் என்பார்கள். அந்தப் பையன் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. உனக்குச் செல்போனிலேயே டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இருக்கிறது, ஏ.கே.சி. நடராஜனின் கிளாரினெட் இருக்கிறது. வேனில் மூன்று மணி நேரம் போகிறாய். ஒரே ஒரு ஆலாபனையை எடுத்துக்கொண்டு, முதல் ஐந்து நிமிஷத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேள். கேட்டதை வாய்க்குள் பாடு. மடியில் பெட்டியை வைத்து, அதன்மேல் விரலை ஓட்டு. தாளம் தொடையில். வாயால் பாட வராத சங்கதி வாத்தியத்தில் எந்நாளும் வராது. பாடுவதற்கு அறையும் வேண்டாம், ரீடும் வேண்டாம்.

வாத்தியத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இது நீங்கள் அலட்சியம் செய்கிற விஷயம். கேசரியும் பாயசமும் சாப்பிட்ட வாயோடு அப்படியே ஊதாதே. சர்க்கரை உள்ளே போய்ப் பேடுகளில் ஒட்டும். விசைகள் ஒட்டிக்கொண்டு திறக்காமல் நிற்பது பாதி நேரம் இதனால்தான். வாயைக் கொப்பளித்துவிட்டு எடு. வாசித்து முடித்ததும் துணி விட்டு உள் ஈரத்தைத் துடைத்து வை. தோல் பேடு ஈரத்தில் ஊறி ஊறித் தடித்தால் துளை மூடாது, காற்று கசியும். நீயோ உதடு சரியில்லை என்று நினைத்து இன்னும் அழுத்துவாய். பெட்டியில் வைக்கும்போது மேல்முனைக் குமிழியை மறக்காமல் செருகு. அது இல்லாமல் பெட்டி குலுங்கினால் ஸ்தாயி விசை வளைந்துவிடும். சித்திரை வெயிலில் வேனுக்குள் பெட்டியை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதே. ரீடு ஒன்றையே தேய்க்காமல் மூன்று நான்கை மாற்றி மாற்றி வாசி. நாயனக்காரர்கள் கொத்தாகச் சீவாளி கட்டித் தொங்கவிட்டிருப்பதற்கும் இதே காரணம்தான்.

சுருதியும் ஊருக்கு ஊர் நகரும். ஓசூர்க் குளிரில் இறங்கும், மதுராந்தகத்து வெயிலில் ஏறும், ஏ.சி. மண்டபத்தில் கதவு திறந்து மூடுவதற்குள் மாறும். காற்று சூடானால் குழல் வாத்தியத்தின் சுருதி ஏறுவது இயற்கை. மேடை ஏறுவதற்கு முன்னால் பத்து நிமிஷம் ஊதி வாத்தியத்தைச் சூடேற்றிவிட்டுத்தான் தக்கையில் மவுத்பீஸை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். குளிர்ந்த வாத்தியத்தில் சேர்த்த சுருதி முதல் பாட்டுக்குள்ளேயே நழுவிவிடும்.

ஒரு சின்ன நோட்டு வாங்கிக்கொள். எந்த ஊர், எங்கே ஊதினாய், என்ன ஊதினாய், எது வரவில்லை, இவ்வளவு மட்டும் எழுது. நம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் வெட்டியவை. ஊர் வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்க அவை சொல்லும் குடவோலை முறையை எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். அதில் எனக்குப் பிடித்தது ஒரு விதி: முன்னால் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரை மறுபடி ஓலையில் எழுதக்கூடாது, அவனுடைய நெருங்கிய சொந்தக்காரர்கள் பெயரும் கூடாது. ஏரியையும் தோட்டத்தையும் பார்த்துக்கொள்ளச் சொன்ன ஊர், முதலில் கணக்கைக் கேட்டிருக்கிறது. உன் சாதகத்துக்குக் கணக்குக் கேட்க யாரும் வரமாட்டார்கள். தொழில் நன்றாக நடக்கும்வரை கல்யாண வீட்டாரும் கேட்கமாட்டார்கள், செட்டுக்காரரும் கேட்கமாட்டார். அதனால்தான் எழுதி வைக்கச் சொல்கிறேன். பயணத்தில் நாள் போவது தெரியாது. ‘நேற்றுதானே ஊதினேன்’ என்று மனசு சொல்லும், நோட்டைப் பார்த்தால் ஒன்பது நாள் ஆகியிருக்கும்.

அப்படி விட்டுப்போனாலும் பதறாதே. காய்ச்சல் வரும், வீட்டில் துக்கம் வரும், ஒரே நாளில் இரண்டு ஊர் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கும். விட்ட நாட்களைச் சேர்த்து ஒரே மூச்சில் ஊதிப் பிடிக்கப் பார்த்தால் உதடுதான் கிழியும். மறுநாள் ஸட்ஜத்திலிருந்து ஆரம்பி.

முகூர்த்த மாதத்தில் செய்வதெல்லாம் இருப்பதைக் காப்பதற்கு. புதிதாகச் சேர்ப்பதற்கு நமக்கென்று ஆடி இருக்கிறது. கல்யாண வேலை நிற்கும், வேன் ஷெட்டில் நிற்கும். பேடுகளைக் கழற்றிப் பார்க்க, தக்கை மாற்ற, காஞ்சிபுரம் அரசு இசைப்பள்ளிப் பக்கம் போய் நாலு பேர் வாசிப்பதைக் கேட்க, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு மாதம்தான். செவ்வாய், வெள்ளி, ஞாயிறு அம்மன் கோயில் வேலை இருக்கும். மற்ற நாட்களில் காலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடு. அந்தப் பெண்ணையும் அவள் அப்பாவிடம் சொல்லி அழைத்து வா. இந்த ஆடிக்குப் பச்சிமிரியம் ஆதியப்பய்யரின் பைரவி அட தாள வர்ணத்தை எடுக்கலாம் என்றிருக்கிறேன், ஒரு மாதமும் முதல் காலத்தில் மட்டும். பைரவியில் இரண்டு தைவதமும் வரும். எது ஏறும்போது, எது இறங்கும்போது என்பதை வேனில் பாடிப்பார்த்துவிட்டு வா. விரல் எப்படி வைப்பது என்பதை இங்கே பார்த்துக்கொள்ளலாம்.